குயவனும் புற்றும்: கடவுள் உண்டா என்னும் வழக்கின் உள்ளமைப்பு

கடவுள் உண்டு என்பவரும் இல்லை என்பவரும் எதிரெதிரே அமர்ந்து பேசும்போது, பெரும்பாலும் அவர்கள் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த உலகத்துக்கு ஒரு காரணகர்த்தா வேண்டாமா என்று ஒருவர் கேட்கிறார். அந்தக் காரணகர்த்தாவின் பெயரால் மனிதருக்கு மனிதர் இழைத்த கொடுமைக்கு என்ன பதில் என்று மற்றவர் கேட்கிறார். இரண்டும் நேர்மையான கேள்விகள்தாம். ஆனால் முதற்கேள்விக்கான விடை இரண்டாவதற்குப் பொருந்தாது. இரண்டாவதற்கான விடையால் முதலாவது தீர்ந்துவிடாது. இவ்விரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன, எந்த இடத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன என்பதைத் தமிழில் நடந்த வாதங்களின் வரலாற்றைக் கொண்டே தெளிவாகக் காட்ட முடியும் என்பதால் அந்த வழியில் செல்கிறேன்.

மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதையில், வஞ்சி நகரில் மாதவன், அதாவது பெருந்தவம் செய்யும் துறவி, வடிவெடுத்து நிற்கும் மணிமேகலை, சமயவாதிகள் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கொள்கையைச் சொல்லும்படி கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன் என்று நீளும் வரிசையின் இறுதியில் பூதவாதி நிற்கிறான். தாதகிப்பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேர்ந்து மதுவாகும்போது அவற்றில் தனித்தனியே இல்லாத களிப்பு தோன்றுவது போல, நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது, அவை பிரிந்தால் உணர்வும் போய்விடுகிறது என்பது அவன் கொள்கை. கண்கூடாகக் காண்பதைத் தவிர வேறெதையும் அறிவுக்குச் சான்றாக அவன் ஏற்பதில்லை; மறுமை என்பதும் வினைப்பயன் என்பதும் அவனுக்குப் பொய். அவனிடம் மணிமேகலை கேட்பது மிகச் சுருக்கமான ஒரு கேள்வி: உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்?

இக்கேள்வியின் கூர்மையை அடுத்தடுத்து வந்த வாதங்கள் பலமுறை உறுதிப்படுத்தியிருக்கின்றன. பெற்றோர் யார் என்பதை நாம் கண்ணால் கண்டு அறிவதில்லை. பிறர் சொல்லையும் பிற சான்றுகளையும் கொண்டு கருதியே அறிகிறோம். மரபணுச் சோதனை வந்த பின்னும் அது அனுமானந்தான், முன்னினும் வலுவான அனுமானம். ஆகவே காண்டல் ஒன்றே அளவை, அதாவது அறிவுக்குச் சான்று, என்பவர் தம் அன்றாட வாழ்வையே நடத்த முடியாது. ஆனால் இந்த வெற்றியால் கடவுள் நிறுவப்பட்டாரா என்றால் இல்லை. நிறுவுவது மணிமேகலையின் நோக்கமும் அன்று. அவள் பௌத்தத்தை நாடி நிற்பவள், பௌத்தமோ உலகைப் படைத்த ஒருவனை ஏற்பதில்லை. அனுமானம் செல்லும் என்பது மட்டுமே அங்கே நிலைநாட்டப்படுகிறது. அந்த அனுமானம் கடவுள்வரை போய்ச் சேருமா என்பது தனியே தீர்க்க வேண்டிய வழக்கு.

இந்த இடத்தில் இன்றைய வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடவுளை ஏற்பவர் ஒருபுறம், எதையும் ஏற்காதவர் மறுபுறம் என்ற இன்றைய அணிவகுப்பு அந்நாளில் இல்லை. சமணரும் பௌத்தரும் படைப்புக் கடவுளை மறுத்தார்கள். வினையையும் மறுபிறப்பையும் வீடுபேற்றையும் ஏற்றார்கள். வேதத்தைத் தலைமேல் கொண்ட மீமாம்சகர், உலகம் எக்காலத்தும் இப்படியே இருந்துவருவது, அதற்குப் படைப்பவன் தேவையில்லை என்றார்கள். சாங்கியத்தில் ஒரு பிரிவுக்கு நிரீச்சுர சாங்கியம், அதாவது கடவுளில்லாச் சாங்கியம், என்றே பெயர். ஆக, கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வேதத்தின் வழியாகவும் வந்தார்கள், வேத மறுப்பின் வழியாகவும் வந்தார்கள். ஒருவர் கடவுளை மறுத்தவுடன் அவர் ஒழுக்கத்தையும் மறுத்துவிட்டதாகக் கொள்ளும் வழக்கம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

13-ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கைத் தமிழில் மிக விரிவாக நடத்தியவர் அருள்நந்தி சிவாச்சாரியார். திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டாரின் பன்னிரண்டு நூற்பாக்கள் கொண்ட சிவஞான போதத்தை விரித்து அவர் எழுதிய சிவஞான சித்தியார், பிறர் கொள்கையை மறுக்கும் பரபக்கம், தன் கொள்கையை நிறுவும் சுபக்கம் என இரண்டாகப் பிரிகிறது. பூதவாதியைப் போலக் காண்டலை மட்டும் ஏற்கும் உலகாயதம், பௌத்தத்தின் நான்கு பிரிவுகள், நிகண்டவாதம், ஆசீவகம், மீமாம்சையின் இரு பிரிவுகள், மாயாவாதம் முதலிய பதினான்கு கொள்கைகளைப் பரபக்கம் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் முதலில் எதிராளியின் மதத்தை அவன் வாய்மொழியாகவே எடுத்துச் சொல்லி, அதன்பின் மறுதலையைத் தொடங்குவது அந்நூலின் முறை. எதிராளி சொல்லாததை அவன் மேல் ஏற்றி மறுப்பது எளிது. அவன் கொள்கையைப் பாட்டாகக் கட்டி நிறுத்திவிட்டு அதனோடு பொருதுவது பெரும் உழைப்பு. உலகாயதனை இன்ப நுகர்ச்சியிலேயே மூழ்கியவனாகக் காட்டும் இடங்களில் அந்த நேர்மை தளர்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உலகாயதர் தம் கையால் எழுதிய தமிழ் நூல் எதுவும் நமக்குக் கிடைக்காத நிலையில், அவர்களை மறுத்தவர்களின் சித்திரத்தை முழுமையாக நம்ப நமக்கு உரிமையில்லை.

சுபக்கமோ கடவுளிலிருந்து தொடங்கவில்லை, அளவையிலிருந்து தொடங்குகிறது. ஆறு என்றும் அதற்கு மேலும் என்றும் பிறர் எண்ணும் அளவைகள் எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று வரையறுத்துக்கொண்ட பிறகே, உலகுக்குத் தலைவன் ஒருவன் உண்டு என்ற வாதம் வருகிறது. எதை அறிவாக ஒப்புக்கொள்வோம் என்பதை முதலில் பேசித் தீர்க்காமல் எது உண்டு என்பதைப் பேசுவதில் பயனில்லை என்ற இந்த வரிசைமுறையை, இன்றைய மேடை விவாதங்களில் இரு தரப்பாரும் கைவிட்டிருப்பதை நான் ஒரு பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

சிவஞான போதத்தின் முதல் நூற்பாவில் தொடங்கும் அந்த வாதத்தின் அமைப்பு இது. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. அறிவற்ற பொருள் தானே தோன்றித் தானே ஒடுங்காது. 'ஒருவனோடு ஒருத்தி ஒன்றென்று உரைத்திடும் உலகம் எல்லாம் வருமுறை வந்து நின்று போவதும் ஆதலாலே தருபவன் ஒருவன் வேண்டும்' என்கிறது சித்தியார். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது போல உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். இதில் பலரும் தவறவிடும் ஒரு நுட்பம் இருக்கிறது. சைவ சித்தாந்தத்தின் கடவுள் ஒன்றுமில்லாத வெறுமையிலிருந்து உலகை உண்டாக்குபவர் அல்லர். பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், பாசமாகிய தளை மூன்றும் தொடக்கமில்லாதவை. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது அடிப்படை. ஆகவே 'எல்லாவற்றையும் கடவுள் படைத்தார் என்றால் கடவுளைப் படைத்தது யார்' என்று கேட்கும் நாத்திகர் இந்த வாதத்தைத் தொடவே இல்லை. உள்ளவை எல்லாம் படைக்கப்பட்டவை என்று சித்தாந்தம் சொல்லவில்லை. தோன்றி ஒடுங்குகிற, அறிவற்ற பொருளுக்கே ஒரு வினைமுதல் வேண்டும் என்கிறது.

அப்படியானால் இவ்வாதத்தை எங்கே தொட வேண்டும்? இரண்டு இடங்களில் அதைத் தொட்டிருக்கிறார்கள்; இரண்டும் ஆழமான தொடுதல்கள்.

முதலாவது, மெய்கண்டாருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, 7-ஆம் நூற்றாண்டில் பௌத்த அறிஞர் தருமகீர்த்தி எழுப்பியது. ஒரு கட்டடத்தைக் கண்டால் அதைக் கட்டியவரை நாம் அனுமானிக்கிறோம். ஏனெனில் கட்டடங்களை மனிதர் கட்டுவதை முன்னரே கண்டிருக்கிறோம். மலையும் ஓர் அமைப்பு, கட்டடமும் ஓர் அமைப்பு என்று சொல் ஒப்புமையை வைத்து மலைக்கும் ஒருவனை அனுமானிப்பது முறையாகாது. மண்ணால் ஆன வடிவம் எல்லாம் குயவன் செய்தது என்றால் புற்றும் குயவன் செய்ததாகிவிடும் என்றார் அவர். இதற்குத் தருக்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாய மரபினர் தந்த மறுமொழியும் எளிதில் தள்ளத்தக்கதன்று. கடவுளை நிறுவுவதற்கென்றே தனிநூல் செய்த உதயணர் அம்மரபில் வந்தவர். புற்றுக்கும் முளைக்கும் பின்னால் ஒருவன் இருக்கிறானா என்பதே வழக்கு. வழக்கில் இருக்கும் பொருளையே வழக்குக்கு எதிரான எடுத்துக்காட்டாகக் காட்ட முடியாது என்பது அந்த மறுமொழி. தருக்க விதிப்படி இது சரி. ஆனாலும் என் மதிப்பில் தருமகீர்த்தியின் கையே ஓங்கியிருக்கிறது. அறிவுடைய ஒருவனின் திட்டமின்றியே அறிவற்ற பொருள் சிக்கலான ஒழுங்கை எட்ட முடியும் என்பதற்கு 1859-இல் டார்வின் முன்வைத்த இயற்கைத் தேர்வு ஒரு முழுமையான வழிமுறையைக் காட்டிவிட்டது. உயிர்களின் உறுப்பமைதியைக் காட்டிக் கடவுளை நிறுவுகிறவர்கள் அதற்குப் பின் தம் வாதத்தைப் புதிதாகக் கட்டியாக வேண்டும்.

ஆனால் சித்தாந்தத்தின் அழுத்தம் அமைப்பின் அழகில் இல்லை, தோன்றி ஒடுங்குவதில் இருக்கிறது. எனவே டார்வினால் அது முடிந்துபோவதில்லை. அதைத் தொடுவது இரண்டாவது கேள்வி. உலகின் உறுப்புகள் தோன்றி அழிவதைக் காண்கிறோம். அதனால் உலகம் முழுவதும் தோன்றி அழிவது என்று எப்படிச் சொல்லலாம்? மீமாம்சகர் கேட்ட இக்கேள்வியைச் சித்தியாரும் எடுத்துக்கொண்டு, பகுதிக்கு உள்ளது தொகுதிக்கும் உண்டு என்று மறுமொழி கூறுகிறது. இதே முடிச்சு 1948 ஜனவரி 28 அன்று பிபிசி வானொலியில் மீண்டும் கட்டப்பட்டது. இயேசு சபைக் குருவான ஃபிரெடெரிக் காப்பிள்ஸ்டன், பிறிதொன்றைச் சார்ந்து நிற்கும் பொருள்களின் தொகுதிக்குத் தன்னளவில் நிற்கும் ஒரு காரணம் வேண்டும் என்றார். தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரசல் ஒப்பவில்லை. மனிதர் ஒவ்வொருவருக்கும் தாய் உண்டு என்பதால் மனித குலத்துக்கு ஒரு தாய் உண்டு என்று ஆகாது. உலகம் இருக்கிறது, அவ்வளவே என்றார். வஞ்சி நகரில் தாய் தந்தையரைக் காட்டி அனுமானத்தைக் காத்த வாதமும், இலண்டனில் தாயைக் காட்டி அனுமானத்துக்கு எல்லை கட்டிய வாதமும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அனுமானம் செல்லும், ஆனால் எதுவரை செல்லும் என்பதே எஞ்சியிருக்கும் சிக்கல். அண்டத்தின் விரிவை அறிவியல் ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் பின்னோக்கிக் கணக்கிட்டிருப்பதால் இச்சிக்கல் தீர்ந்துவிடவில்லை. அதற்கு அடிப்படையான பெருவெடிப்புக் கோட்பாட்டின் முன்னோடியான ஜார்ஜ் லெமெய்த்தர் ஒரு கத்தோலிக்கக் குரு; அவரே அதைக் கடவுளுக்குச் சான்றாக்க விரும்பவில்லை.

மூன்றாம் அளவையாகிய உரையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அங்கே உரையாடல் நீள்வதில்லை. அருளாளர் கண்டு சொன்னதை ஏற்பவருக்கு அது சான்று; ஏற்காதவருக்கு அது ஒருவரது மனநிலை பற்றிய செய்தி. கனவிலும் தெய்வ மயக்கத்திலும் மருண்டவர் சொல்வது சான்றாகாது என்று பூதவாதி மணிமேகலையிடமே சொல்லிவிட்டான். ஆனால் இந்த வகைப் பேச்சிலும் நம்மாழ்வாரைப் போல ஒருவர் வாதத்தின் இரு முனைகளையும் ஏற்கும்போது அது வேறு உயரத்துக்குப் போகிறது. 'உளன் எனில் உளன்' என்று தொடங்கும் திருவாய்மொழிப் பாசுரம், உளன் என்பதையும் இலன் என்பதையும் அவனுக்கு உரிய இரு தன்மைகளாகவே கொள்கிறது. மறுப்பவரின் சொல்லைக்கூடப் பொருளுக்குள் இடம் தந்து வைத்துக்கொள்ளும் இந்தப் பார்வை, மறுப்பவரை விடமேறிய பாம்பாகக் காணும் பக்திப் பேச்சைவிட எவ்வளவோ மேலானது. அது மறுப்பவரை மாற்றிவிடாது என்பதும் உண்மை.

துன்பம் பற்றிய கேள்வியில்தான் வழக்கு உண்மையில் சூடு பிடிக்கிறது. புறநானூற்றின் 194-ஆம் பாட்டில், ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்க மற்றொரு வீட்டில் மணமுழவு ஒலிப்பதைக் கேட்ட பக்குடுக்கை நன்கணியார், இப்படி உலகைப் படைத்தவனைப் பண்பில்லாதவன் என்று சொல்லிவிடுகிறார். பிச்சையெடுத்தும் உயிர்வாழ வேண்டிவந்தால் உலகை இயற்றியவன் அலைந்து கெடுக என்கிறது 1062-ஆம் குறள். இவ்விரண்டும் கடவுள் மறுப்பு ஆகா. கடவுள் உண்டு என்று வைத்துக்கொண்டு அவர் மேல் தொடுக்கும் குற்றச்சாட்டு. நம்பிக்கை உடையவரின் வாயிலிருந்தே வரக்கூடிய இக்குற்றச்சாட்டு, நாத்திகரின் எந்த வாதத்தையும்விடக் கனமானது.

சித்தியாரின் விடை வினை. நோயைச் சில இடங்களில் அறுத்தும் கீறியும், சில இடங்களில் மருந்தைப் பாலும் கட்டியும் கலந்து கொடுத்தும் மருத்துவன் தீர்ப்பது போல, இன்பத்தையும் துன்பத்தையும் ஊட்டியே இறைவன் வினையை அறுக்கிறான் என்கிறது சுபக்கம். வினை அறிவற்றது, தானாகச் செய்தவனைத் தேடி வந்து சேராது. ஆகவே அதைச் சேர்ப்பிக்க ஒருவன் வேண்டும் என்று, துன்பத்தையே கடவுளுக்குச் சான்றாகவும் ஆக்கிக்கொள்கிறது. தருக்கமாக இது கெட்டிக்காரத்தனமான திருப்பம். ஆனால் பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு ஆறும் கருவிலேயே அமைந்துவிட்டன என்று அது தொடரும்போது, வறுமையில் பிறந்தவரிடமும் தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்தவரிடமும் அந்த விடை என்ன சொல்கிறது என்று கேட்டாக வேண்டும். நோயாளிக்குத் தன் நோய் என்னவென்று தெரியும். முற்பிறவியில் செய்தது என்னவென்று எவருக்கும் தெரியாது. காரணம் தெரியாத தண்டனையை மருந்து என்று ஏற்க மனம் ஒப்பவில்லை, எனக்கும் ஒப்பவில்லை.

உண்டா இல்லையா என்ற கேள்வி சமுதாயக் கேள்வியாக மாறுவது இந்தப் புள்ளியில்தான். 1882 முதல் 1888 வரை சென்னை இலௌகிக சங்கத்தார் நடத்திய தத்துவ விவேசினி இதழிலேயே கடவுள் மறுப்பும் சாதி மறுப்பும் கைகோத்து வருகின்றன. 1930-இல் லாகூர்ச் சிறையில் தன் நாத்திகத்துக்குக் காரணம் எழுதிய பகத்சிங், ஏழைக் குடியிலும் ஒடுக்கப்பட்ட குடியிலும் பிறப்பதை முன்வினைப் பயன் என்பது சலுகை பெற்றவர்களின் கண்டுபிடிப்பு என்று நேரடியாகச் சாடினார். அந்தக் கட்டுரையை ப. ஜீவானந்தம் தமிழாக்க, பெரியாரின் இயக்கம் அதை வெளியிட்டது. அதற்காகக் கைதுகளும் நடந்தன. பெரியாரின் கடவுள் மறுப்பைக் குயவன் வாதத்துக்கான மறுப்பாகப் படிப்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். அவர் கேட்டது வேறு. பிறப்பால் ஒருவரை இழிந்தவர் ஆக்கும் ஏற்பாட்டுக்குக் கடவுள்தான் கடைசிக் காவல் என்றால், அந்தக் காவலை நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அவர் கேள்வி. இது சிவஞான போதத்தின் முதல் நூற்பாவைத் தொடவில்லை. வினை பற்றிய விடையை நேராகத் தாக்குகிறது.

இதனால்தான் அவருக்கும் சமயத் துறவியருக்கும் இடையே பேச்சு முறிந்துபோகவில்லை என்று நினைக்கிறேன். 1925-இல் குடி அரசு இதழின் அலுவலகத்தைத் திறந்துவைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள். பிற்காலத்தில் குன்றக்குடி அடிகளார் கடவுள் நம்பிக்கையில் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்காமலே பெரியாரோடு நட்புப் பாராட்டினார். தீண்டாமையும் பிறப்பு உயர்வும் சைவத்தின் உயிர்க்கொள்கை அல்ல என்று அடிகளார் சொல்லும்போது, பெரியாரின் குற்றச்சாட்டில் பாதியை அவர் ஏற்று, சமயத்துக்குள்ளேயே அதைத் தீர்க்க முன்வருகிறார். மறுபக்கம், பேச்சு கைவிடப்பட்ட நேரமும் உண்டு. 1953 மே மாதம் திருச்சியில் பெரியார் பிள்ளையார் உருவத்தைப் பொதுவிடத்தில் உடைத்தார். அது தொடர்பான வழக்கு 1958-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரு பகுதியினர் புனிதமாகக் கருதும் எப்பொருளும், அதன் விலை எவ்வளவு சிறிதாயினும், சட்டத்தின் காப்புக்கு உரியது என்று விளக்கிய நீதிமன்றம், காலம் கடந்துவிட்டதால் மேல் நடவடிக்கைக்கு உத்தரவிடவில்லை. உருவத்தில் ஆற்றல் இல்லை என்பதைக் காட்டவே அவர் அதை உடைத்தார். ஆனால் உருவ வழிபாட்டை ஏற்ற சைவர் எவரும் கடையில் வாங்கிய மண்ணுருவம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று வாதிட்டதில்லை. அந்தச் செயல் நம்பியவர்களின் மனத்தைப் புண்படுத்தியது; அவர்களுடைய வாதத்தைத் தொடவில்லை.

கருவறைக்குள் எல்லாச் சாதியினரும் நுழையும் உரிமைக்காக 1970-இல் போராட்டம் அறிவித்ததும் அதே பெரியார்தான். கடவுள் இல்லை என்பவருக்குக் கருவறையில் என்ன வேலை என்று அன்று கேட்டவர்கள் உண்டு, இன்றும் கேட்கிறார்கள். அவருடைய கேள்வி எப்போதுமே மனிதரைப் பற்றியது என்பதை உணர்ந்தவருக்கு இதில் முரண் தெரியாது. அந்த ஆண்டின் இறுதியில் பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கும் சட்டத்தைத் தமிழக அரசு இயற்றியது. 1972-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லும் என்றாலும் அர்ச்சகர் நியமனத்தைக் கோயில் வழிபாட்டு விதிகளைச் சொல்லும் ஆகமத்தோடு பிணைத்துவிட்டது. 2021 ஆகஸ்டில், பயிற்சி முடித்த பல சாதியினர் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டபோது அவர்கள் ஓதியதும் வழிபட்டதும் உள்ளார்ந்த நம்பிக்கையோடுதான். குயவன் வாதம் சரியா, ரசலின் மறுப்பு சரியா என்ற வழக்கு அப்போதும் தீரவில்லை. அந்த நியமனத்துக்கு அது தீர்ந்திருக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வினை பற்றிய சித்தியாரின் விடையைத் திருத்தாமல் பிறப்பு உயர்வை மட்டும் நீக்க முடியுமா என்ற கேள்வி மட்டும் சைவ அறிஞர் முன் நிற்கிறது. அதற்கு விடை எழுத வேண்டியவர்களும் அவர்களே.